படம் வந்து சேர்கிறது, அறிவித்தல் வந்து சேர்வதில்லை

தரம் 9 பிள்ளைகளுக்குக் குடியியற் கல்வி கற்பிக்கிறேன். உள்ளூராட்சி பற்றிய பாடம் வந்தபோது ஓர் ஒப்படை கொடுத்தேன். உங்கள் பிரதேச சபையோடு அல்லது வேறு ஏதாவது அரச அலுவலகத்தோடு தொடர்புடைய ஊர்ச் செய்தி ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொண்டு வாருங்கள், எங்கிருந்து எடுத்தாலும் பரவாயில்லை என்று சொன்னேன்.

மறுநாள் வந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே வீட்டாரின் கைபேசியில், முகநூலில் பார்த்து எழுதியவை. வீதி திறப்பு, மரநடுகை, முன்பள்ளி விளையாட்டுப் போட்டி, நூலகத்தில் பரிசளிப்பு, சிரமதானம். யார் விளக்கேற்றினார், யார் நாடா வெட்டினார் என்பதெல்லாம் சரியாக இருந்தது. ஒரே ஒரு பிள்ளை மட்டும் வேறொன்றைக் கொண்டு வந்தாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது ஓர் அலுவலகத்தின் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் கொப்பியில் பார்த்து எழுதியிருந்தாள். ஆட்சேபணை இருப்பவர்கள் இன்ன திகதிக்கு முன்னர் எழுத்தில் தர வேண்டும் என்று அதில் இருந்தது.

"ரீச்சர், இந்தத் திகதி போன கிழமையே முடிஞ்சுது. இனி ஒண்டும் செய்யேலாதா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு வகுப்பில் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் சமூகத்துக்கு, குறிப்பாக வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இன்று இரண்டு ஊர்களுக்கு இடையில் வாழ்கிறவர்களுக்கு, இந்தக் கேள்வி மற்றவர்களை விடக் கூடுதலாகப் பொருந்துகிறது.

எந்த அலுவலகம் எதற்கு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். புதுக்குடியிருப்பில் பிரதேச செயலகமும் இருக்கிறது, பிரதேச சபையும் இருக்கிறது. முதலாவதில் பிரதேச செயலாளர். இரண்டாவதில் தவிசாளரும், அவரோடு சபையின் செயலாளரும். இரண்டு இடத்திலும் 'செயலாளர்' இருப்பதால் படித்தவர்களே மாறிப் போகிறார்கள்.

பிரதேச செயலகம் மத்திய அரசின் நிருவாகக் கை. காணி அனுமதிப்பத்திரம், சமூக நலக் கொடுப்பனவுகள், கிராம அலுவலர் ஊடாக வரும் பதிவுகள் எல்லாம் அங்கே. பிரதேச சபை நாங்கள் வாக்களித்துத் தெரிவு செய்வது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் இயங்குவது. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள், பொதுவில் மக்களின் வசதியும் நலனும் ஆகியவை அதன் பொறுப்பு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. குப்பை அகற்றல், தெருவிளக்கு, சந்தை, பொது நூலகம், உள்ளூர் வீதி, கட்டட வரைபட அனுமதி, வியாபார அனுமதிப்பத்திரம் என்று நாளாந்த வாழ்க்கையில் கைபடும் பல விடயங்கள் அதனிடம்தான் உள்ளன.

வீதிகளிலும் இதே குழப்பம் உண்டு. பரந்தனிலிருந்து விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு போகும் ஏ-35 வீதியில் குழி விழுந்தால் பிரதேச சபைத் தவிசாளரைத் திட்டிப் பயனில்லை. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடமும் உள்ளன. அதற்குக் கீழே உள்ள உள்ளூர் வீதிகள்தான் சபையினுடையவை. பள்ளிவாசலுக்கோ மையவாடிக்கோ போகும் ஒழுங்கை பெரும்பாலும் இந்தக் கடைசி வகையில் வரும்.

இனி 'ஆணையாளர்' என்ற சொல். மாநகர சபைகளில் மாநகர ஆணையாளர் இருப்பார். நிருவாகத்தை நடத்தும் உயர் அதிகாரி அவர். வன்னியில் இன்று மாநகர சபை உள்ள ஊர் வவுனியா மட்டுமே. முல்லைத்தீவு மாவட்டத்தில் இருப்பவை நான்கும் பிரதேச சபைகள்: கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு. இவற்றில் மாநகர ஆணையாளர் இல்லை. ஆனால் சபைகளை மேற்பார்வை செய்ய மாகாணத்தில் உள்ளூராட்சி ஆணையாளரும், மாவட்டத்தில் உள்ளூராட்சி உதவி ஆணையாளரும் இருக்கிறார்கள். சபையில் தீராத முறைப்பாட்டை அடுத்ததாகக் கொண்டு போக வேண்டிய இடம் அது. இது தெரியாமல் எங்கள் ஆட்கள் நேரே கச்சேரிக்குப் போய், அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, 'எங்களை யாரும் கணக்கெடுப்பதில்லை' என்று மனம் நொந்து வருவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

உறுப்பினர் இல்லாத காலங்கள்

'எங்கட வட்டார உறுப்பினர் இருக்கிறார்தானே, அவர் சொல்லுவார்' என்று சிலர் நினைக்கலாம். உறுப்பினர் இருக்கும்போது அது ஓரளவு சரி. ஆனால் இந்தப் பிரதேசத்தின் அனுபவம் வேறு.

2011ஆம் ஆண்டு நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்று ஆகிய இரண்டு சபைகளுக்கும் தேர்தல் திரும்பத் திரும்ப ஒத்திவைக்கப்பட்டது. மீள்குடியேற்றம் முடியாததே காரணம். போருக்குப் பிறகு இங்கே மக்கள் தெரிவு செய்த சபை 2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலோடுதான் வந்தது. அந்தச் சபைகளின் காலம் 2022இல் முடிந்திருக்க வேண்டும். ஒரு வருடம் நீடித்தார்கள். 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த தேர்தல் நிதி இல்லை என்று நின்று போனது. மார்ச் 19 நள்ளிரவோடு நாட்டின் 340 சபைகளின் காலமும் முடிந்தது. தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே 6இல் தேர்தல் நடந்து, ஜூன் 2 முதல் புதிய சபைகள் பொறுப்பேற்றன.

அதாவது இரண்டு வருடத்துக்கு மேலாக ஒரு வட்டார உறுப்பினர்கூட இல்லை. மாநகர சபைகளை ஆணையாளர்களும், பிரதேச சபைகளைச் செயலாளர்களும் நடத்தினார்கள். மாகாண மட்டத்திலும் இதுதான் நிலை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் இன்னொரு தேர்தல் நடக்கவில்லை.

இந்தக் காலத்திலும் வரி அறவிடப்பட்டது, குத்தகை கோரப்பட்டது, வேலைகள் ஒப்பந்தத்தில் கொடுக்கப்பட்டன. அதிகாரிகள் தங்கள் கடமையைச் செய்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மக்களிடம் கேட்டுச் சொல்லவும், மக்களுக்கு எடுத்துச் சொல்லவும் நடுவில் ஆள் இல்லை. அப்படியான காலத்தில் அலுவலகத்துக்கும் மக்களுக்கும் இடையில் மிஞ்சியிருப்பது அறிவித்தல் ஒன்றுதான். அதுவும் வந்து சேராவிட்டால் ஒன்றுமே இல்லை.

அறிவித்தலில் ஓடும் மணிக்கூடு

நிகழ்ச்சிப் படத்துக்கும் அறிவித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை என் மாணவர்களுக்கு இப்படித்தான் சொன்னேன். படம் நடந்து முடிந்ததைச் சொல்கிறது. அதை இன்றைக்குப் பார்த்தாலும் அடுத்த மாதம் பார்த்தாலும் உங்களுக்கு நட்டமில்லை. அறிவித்தல் நடக்கப் போவதைச் சொல்கிறது. அது ஒட்டப்பட்ட நாளிலிருந்து ஒரு மணிக்கூடு ஓடத் தொடங்குகிறது. நீங்கள் பார்த்தாலும் ஓடும், பார்க்காவிட்டாலும் ஓடும்.

இதை எங்கள் மக்களுக்கு முகத்தில் அறைந்த மாதிரிக் காட்டியது 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான 2430ஆம் இலக்க வர்த்தமானி. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் வந்த அறிவித்தல் அது. வடக்கின் கரையோரத்தில் 5,940 ஏக்கர் அளவு காணி அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54 ஏக்கர். உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும். யாரும் கோராத காணி அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படலாம்.

இது பிரதேச சபையின் வேலை அல்ல, காணி உரித்து நிர்ணயத் திணைக்களத்தின் வேலை. ஆனாலும் அறிவித்தல் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. போரில் உறுதிகளைத் தொலைத்தவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், இறந்தவரின் பெயரில் இன்னும் காணி இருக்கும் குடும்பங்கள், புத்தளத்தில் வாழும் எங்கள் ஆட்கள் என்று எல்லாருக்கும் ஒரே மணிக்கூடு, அதே மூன்று மாதம்.

புத்தளத்திலிருக்கும் என் காக்கா ஜூன் தொடக்கத்தில்தான் தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, முல்லைத்தீவுக் கரையில வாப்பாட தென்னங்காணி இருந்ததே, அதுவும் வர்த்தமானியில போயிருக்காமே, உண்மையா?" என்று கேட்டார். இங்கே வாழும் எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு மாதம் ஏற்கனவே ஓடிவிட்டது. வர்த்தமானியைத் தேடி எடுத்து, துண்டு இலக்கங்களை வாப்பாவின் பழைய கடதாசிகளோடு வைத்துப் பார்க்க நான்கு இரவுகள் போயின. எங்கள் காணி அந்தப் பட்டியலில் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஆனால் இருந்திருந்தால்? உரிமை கோரலுக்கு வேண்டிய ஆவணங்களை மிச்சமிருந்த நாட்களுக்குள் திரட்டியிருப்போமா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அரசியல்வாதிகளும் சட்டத்தரணிகளும் சிவில் அமைப்புகளும் குரல் கொடுத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஜூன் 27இல், மூன்று மாதம் முடிய ஒரு நாள் இருக்கையில், நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. வர்த்தமானியை மீளப் பெறுவதாக அரசாங்கமும் அறிவித்தது. இந்தத் தடவை தப்பினோம். ஆனால் ஒவ்வொரு அறிவித்தலுக்கும் உயர் நீதிமன்றம் வரை போக யாராவது இருப்பார்களா? சபையின் பலகையில் ஒட்டப்படும் ஒரு குத்தகை அறிவித்தலுக்காக, ஒரு வீதிப் பட்டியலுக்காக யார் போவார்கள்?

நமக்கு ஏன் இது இரட்டைப் பாரம்?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் முல்லைத்தீவு நகர், தண்ணீரூற்று, ஹிஜ்ராபுரம், நீராவிப்பிட்டி ஆகிய இடங்களில் வாழ்ந்தவர்கள் அதில் அடக்கம். அப்போது எனக்குப் பத்து வயது. 2009க்குப் பின் திரும்பி வரத் தொடங்கினோம். ஆனால் முழுதாக வந்தவர்கள் குறைவு. பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில், காணி முல்லைத்தீவில். உம்மா ஓரிடத்தில், மகன் இன்னோரிடத்தில். என் குடும்பமும் அப்படித்தான்.

வாக்குப் பதிவிலேயே இந்தச் சிக்கல் தெரிந்தது. இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் சொந்த இடத்தில் வாக்காளராகப் பதிவு செய்ய வழி கொடுப்பதற்கென்றே 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க வாக்காளர் பதிவு விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. சொந்த ஊரில் வாக்கு இருக்க வேண்டும் என்று போராடிய நாம், சொந்த ஊரின் செய்தியும் நமக்கு வர வேண்டும் என்று கேட்கவில்லை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் தேர்தலுக்குப் பஸ் பிடித்து வருகிறோம். நடுவிலுள்ள நான்கு வருடத்தில் சபை என்ன செய்கிறது என்று பார்க்க யாரும் வருவதில்லை.

கிராம அலுவலர் அலுவலகச் சுவரில் ஒட்டப்படும் கடதாசி அந்த ஊரில் இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். சட்டப்படி அது பகிரங்க அறிவித்தல். புத்தளத்தில் இருப்பவருக்கு அது இருந்தும் இல்லாதது போல. 'நாங்கள் ஒட்டினோம்தானே' என்று அலுவலகம் சொல்வதும் உண்மை. 'எங்களுக்கு யாரும் சொல்லவில்லை' என்று நம்மவர் சொல்வதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில்தான் உரிமை நழுவிப் போகிறது.

வருடத்தில் கவனிக்க வேண்டியவை

பிரதேச சபையின் வருடம் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை. வருடக் கடைசி மாதங்களில் அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டம் தயாராகும். சபையில் நிறைவேற்றுவதற்கு முன் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அதற்கான அறிவித்தலும் வரும். ஒரு வீதிக்கோ நூலகத்துக்கோ பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம் அது. ஜனவரியில் போய்க் கேட்டால் 'ஒதுக்கீடு இல்லை' என்ற பதில்தான் வரும். அந்தப் பதில் பொய்யும் அல்ல.

அதே காலத்தில்தான் அடுத்த வருடத்துக்கான சந்தை, கடைத்தொகுதி, இறைச்சிக்கடை போன்றவற்றின் குத்தகைக்குக் கேள்வி கோரப்படும். எங்கள் சமூகத்தில் எத்தனையோ குடும்பங்களின் வயிற்றுப் பாட்டோடு தொடர்புடைய விடயம் இது. கேள்விப் பத்திரம் கொடுக்கும் கடைசி நாள் போன பின் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆதனவரி மதிப்பீட்டில் ஆட்சேபணை இருந்தாலும் குறித்த காலத்துக்குள் எழுத வேண்டும். வருடத் தொடக்கத்தில் வியாபார அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும்.

சபைக் கூட்டம் மாதா மாதம் நடக்கும். பொதுமக்கள் பார்வையாளராக இருந்து கவனிக்கலாம். நம்மில் எத்தனை பேர் ஒரு தடவையாவது போயிருக்கிறோம்? 25 வீதம் பெண் உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகும், பார்வையாளர் வரிசையில் நான் இருந்த அன்று நானும் இன்னுமொரு அம்மாவும்தான் இருந்தோம்.

கேட்டுப் பெறுவதற்கும் சட்டம் உண்டு

அறிவித்தல் வரவில்லை என்றால் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரதேச சபையும் மாநகர சபையும் பிரதேச செயலகமும் அதற்குள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. என்ன தகவல் வேண்டும் என்று தெளிவாகத் தமிழில் எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் ஒன்று தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே, அதைப் பற்றிய தகவலைப் பொதுமக்களுக்கும் அதனால் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் அறிவிப்பது அந்த விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சரின் கடமை. திறப்பு விழாப் படத்தைப் பார்த்துத்தான் திட்டமே இருந்தது தெரியும் என்ற நிலையைச் சட்டம் ஏற்கவில்லை.

ஒரு வேண்டுகோள். இந்தச் சட்டத்தைக் கோபத்தைத் தீர்க்கும் கருவியாக்காதீர்கள். ஒரு மனுவில் இருபது கேள்வி கேட்டால் பதில் தாமதமாகும், மனக்கசப்பும் வரும். 'இந்த வருட வரவு செலவுத் திட்டத்தில் இன்ன கிராமத்து உள்ளூர் வீதிகளுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு?' என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். பெரும்பாலும் மனு எழுதவே தேவை வராது. முகப்பில் இருக்கும் உத்தியோகத்தரிடம் மரியாதையாகக் கேட்டாலே சொல்வார். மனு கடைசி வழி.

விழாக்கள் வேண்டாமா?

நிகழ்ச்சிகளைப் பகிர்வது தவறென்று நான் சொல்லவில்லை. ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வரும்போது நூலகப் போட்டிகள் பற்றிய செய்தியால்தான் என் மாணவர் பலர் முதன்முதலாக நூலகத்தின் படி ஏறினார்கள். ஒரு பிள்ளை மேடையில் பரிசு வாங்கும் படம் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். போரில் எல்லாம் அழிந்து போன ஊரில் ஒரு விளையாட்டுப் போட்டி நடப்பதே செய்திதான்.

நான் கேட்பது வரிசையை மாற்றுவதை. போட்டி முடிந்த பின் பரிசளிப்புப் படம் வருவதைவிட, போட்டிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் முன்கூட்டியே வர வேண்டும். வீதி திறப்புப் படத்துக்கு முன், அந்த வீதி ஏன் தெரிவு செய்யப்பட்டது, செலவு எவ்வளவு, ஒப்பந்தம் யாருக்கு என்பது வர வேண்டும். அலுவலகப் பக்கத்தில் பத்துப் படம் போடும் கைகளுக்கு, சுவரில் ஒட்டிய அறிவித்தலை ஒரு படம் எடுத்துப் போடுவது பாரமான வேலை அல்ல. செலவும் இல்லை.

பள்ளிவாசல் செய்யக் கூடியது

அலுவலகங்கள் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் கையில் ஒரு நல்ல ஏற்பாடு ஏற்கனவே இருக்கிறது. ஜும்ஆவுக்கு ஊர் கூடுகிறது. ஜனாஸா அறிவித்தல் அரை மணித்தியாலத்தில் புத்தளம் வரை போய்ச் சேருகிறது. அதே வழியில் உள்ளூராட்சி அறிவித்தலும் போகலாம்.

என் யோசனை இது. ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் இருவரைப் பொறுப்பாக்கட்டும். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கிழமைக்கு ஒரு தடவை பிரதேச சபை, பிரதேச செயலகம், கிராம அலுவலர் அலுவலகம் மூன்றின் பலகைகளையும் பார்த்து, அறிவித்தலை முழுதாகப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். 'காணி பற்றி ஏதோ வந்திருக்காம்' என்று வாய்ச் செய்தி போடக் கூடாது. அறிவித்தலின் திகதியும் கடைசி நாளும் மேலே தனியாக எழுதப்பட வேண்டும். குழுவில் கட்சி அரசியலும் வாக்குவாதமும் கூடாது. வேறு ஊரில் வாழும் அந்த ஊரார் அனைவரும் குழுவில் இருக்க வேண்டும்.

பெண்ணை ஏன் சொன்னேன் என்றால், ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் சொல்லப்படுவது எங்கள் வீடுகளில் பாதிப்பேருக்கு நேரடியாக வந்து சேர்வதில்லை. ஆண் மறந்தால் செய்தி அங்கேயே நின்றுவிடும். கணவனை இழந்த பெண்கள், கணவன் வெளிநாட்டில் உள்ள பெண்கள் தங்கள் பெயரில் உள்ள காணியைத் தாங்களே பார்க்க வேண்டியவர்கள். அவர்களுக்குச் செய்தி கொண்டு போக ஆள் வேண்டும்.

இதை நமக்குள் மட்டும் வைத்திருக்கவும் வேண்டாம். நான் படிப்பிக்கும் புதுக்குடியிருப்பில் முஸ்லிம் பிள்ளைகள் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் நிலையும் இதுதான். இடம்பெயர்ந்து, உறுதி தொலைத்து, பாதிக் குடும்பம் வெளிநாட்டில் என்று இருக்கிறார்கள். அந்த வர்த்தமானி வந்தபோது அவர்களும் நாமும் ஒரே பட்டியலில்தான் பெயர் தேடினோம். நாம் எடுத்த படத்தைப் பக்கத்து ஊர்க் கோயில் நிர்வாகத்துக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் அனுப்பினால், அடுத்த தடவை அவர்கள் பார்த்தது நமக்கு வரும்.

கலந்தாலோசிப்பதை மார்க்கக் கடமைகளின் வரிசையில் வைத்த சமூகம் நாம். குர்ஆனில் ஓர் அத்தியாயத்துக்கே அஷ்ஷூரா என்று பெயர் இருக்கிறது. ஒரு விடயம் நடக்கப் போகிறது என்று தெரிந்தால்தானே அதைப் பற்றி ஆலோசிக்கலாம்? தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது அமானிதம்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அடுத்த பாடத்தில் திரும்பப் போனேன். திகதி கடந்த பிறகும் ஏன் தெரியவில்லை என்று எழுதிக் கேட்கலாம், அடுத்த அறிவித்தலை எங்கே ஒட்டுவார்கள் என்று கேட்கலாம் என்றேன். அவள் கேட்டது அந்த அறிவித்தலைப் பற்றி. நான் சொன்னது அடுத்ததைப் பற்றி. அது தெரிந்துதான் சொன்னேன். இப்போது வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை காலை, பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் பலகையைப் பார்த்து வருவார்கள். கரும்பலகையின் வலது மூலையில் கடைசித் திகதியை மட்டும் எழுதுவோம். வீட்டுக்குப் போய்ச் சொல்வது அவர்களின் வீட்டு வேலை.